மொட்டை டயரும் என் செருப்புக்கடை மூளையும்

போன வியாழக்கிழமை சாயங்காலம் ரங்கூன் லான்மடாவில் என்னைப் பார்த்தவர்கள் கொஞ்சம் பயந்திருப்பார்கள்.

தோளுக்கொரு டயர், மாலை போட்ட மாதிரி. முகத்தில் கோபம். எனக்குப் பின்னால் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு என் மகள் நஸீமா – அவள் முகத்தில் அதைவிடப் பெரிய கோபம்.

எங்கே போனோம்? சைக்கிள் கடைக்கு. எதற்கு? புத்தம் புது டயரை, 'இது தேய்ந்துபோன டயர்' என்று சொல்லித் திருப்பிக் கொடுக்க.

சிரிக்காதீர்கள் பிள்ளைகளா. சிரிப்பதற்குப் பின்னால் நிறைய இடம் வருகிறது. மொத்தமாகச் சேர்த்துச் சிரிக்கலாம்.

வாராவாரம் இந்தப் பக்கத்தை வாசிக்கிற உங்களுக்கு என் கடையைத் தெரியும். செருப்புக்கடை. ரப்பர் செருப்பு, பிளாஸ்டிக் செருப்பு, மழைக்காலத்துக்கு பூட்ஸ். எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டுக் கையில் செருப்பை எடுத்தவன், இன்னும் கீழே வைக்கவில்லை. அதனால் எனக்கு உருப்படியாகத் தெரிந்தது ஒன்றே ஒன்றுதான் – ரப்பர். பழைய செருப்பு ஒன்றைத் திருப்பிக் காட்டுங்கள். அதைப் போட்டவர் குதிகாலைத் தேய்த்து நடப்பவரா, பஸ்ஸைத் துரத்துகிறவரா, எல்லாம் சொல்லிவிடுவேன்.

செருப்புக்கு அடியில் கோடு கோடாக, கட்டம் கட்டமாக வரி இருக்கிறதல்லவா? அதுதான் அதற்கு உயிர். வரி தேய்ந்த செருப்பைப் போட்டுக்கொண்டு ரங்கூன் மழையில், பாசி பிடித்த நடைபாதையில் இறங்கிப் பாருங்கள். நீங்கள் நடக்கவே வேண்டாம். பாதையே உங்களைக் கொண்டுபோய்விடும்.

இந்த ஞானத்தை வைத்துக்கொண்டுதான் சைக்கிள் டயரைப் பார்க்கப் போனேன்...

நஸீமா, போட்டாதாங் பக்கம் ஒரு மருந்துக்கடையில் வேலை பார்க்கிறாள். பஸ்ஸில் தொங்கிக்கொண்டு போய் அலுத்து, தன் சம்பளத்தில் ஒரு பழைய ஜப்பான் சைக்கிள் வாங்கினாள். கொம்பு மாதிரி வளைந்த ஹேண்டில், ஒல்லியான டயர். 'ரோட் பைக்' என்பாள். எனக்கு அது ரேஸ் சைக்கிள். ஒரு கையால் தூக்கிவிடலாம். அவ்வளவு லேசான ஒரு பொருளின் மேல் என் மகள் உட்கார்ந்து போகிறாள் என்பதே எனக்குப் பிடிக்காது. ஆனால் சொன்னதில்லை.

விஷயம் சாப்பாட்டு நேரத்தில் ஆரம்பித்தது.

"அத்தா, ஞாயித்துக்கிழமை காலையில மிங்கலாடோன் போறோம். சைக்கிள்ல."

"போறோம்னா? யாரு யாரு?"

"நானு, மா சூ, எங்க கடைப் பொண்ணுங்க. மா சூ வீடு அங்கதானே. அவங்க அம்மா மொஹிங்கா செய்யறாங்களாம். சாப்பிட்டுட்டு வந்துடுவோம்."

லான்மடாவ் எங்கே, மிங்கலாடோன் எங்கே? விமான நிலையம் இருக்கிற இடம் அது. நம் வீடுகளில் ஒருவர் விமானம் ஏறுகிறார் என்றால் முதல் நாளே பெட்டி வாசலுக்கு வந்துவிடும். அவ்வளவு தூரம். இவள் அங்கே போய் மீன் குழம்பு ஊற்றிய நூடுல்ஸ் சாப்பிட்டுவிட்டு வருவாளாம்.

"நம்ம தெரு முனையில கெடைக்காத மொஹிங்காவா?" என்று கேட்டேன்.

"தெரு முனைக்குப் போவ சைக்கிள் எதுக்குத்தா?"

பதில் சரியாக இருந்தது. பிரச்சினையே அதுதான். சரியான பதில் சொல்கிற பிள்ளையிடம் 'போகாதே' என்று சொல்ல நல்ல காரணம் வேண்டும். எனக்குக் கிடைக்கவில்லை. மனைவியைப் பார்த்தேன். அவள் மீனில் முள் எடுத்துக்கொண்டிருந்தாள்... ரொம்ப அக்கறையாக.

அப்புறம் நஸீமாவே எனக்கு ஒரு காரணத்தைக் கையில் கொடுத்தாள்.

"ஆனா டயர் ரெண்டும் போயிடுச்சு. மாத்திட்டுத்தான் போவணும்."

ஆகா... டயர்.

"டயரை நான் பாக்கறேன்," என்றேன். "ரப்பர் விஷயம். நான் பாத்து சரின்னு சொன்னாத்தான் சைக்கிள் வெளியில போவும்."

"சரித்தா," என்றாள். பாவம், என்னை நம்பினாள்.

மறுநாள் காலையில் சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, மூக்குக் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தேன். டயரின் இரண்டு ஓரத்திலும் வரி அழகாக, கோலம் மாதிரி இருந்தது. நடுவில் மட்டும் வரியைக் காணோம், தட்டையாக இருந்தது. இருந்தால் என்ன? தட்டையாக இருந்தால்தானே தரையில் நன்றாக உட்காரும்? செருப்பு தட்டைதானே?

பின் டயரில் ஓரிடத்தில் ரப்பருக்குள்ளிருந்து வெள்ளை நூல் எட்டிப் பார்த்தது. பரவாயில்லையே என்று நினைத்தேன். உள்ளே துணி வைத்த ரப்பர். எங்கள் கடையில் அந்த ரகச் செருப்புக்கு மவுசே தனி.

முன் டயரின் பக்கவாட்டில் கோலிக்குண்டு அளவுக்கு ஒரு புடைப்பு. அழுத்திப் பார்த்தேன். மெத்தென்று இருந்தது. 'காற்று நன்றாக நிற்கிறது' என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

"டயருக்கு ஒண்ணும் ஆகல. இன்னும் ஒரு வருஷம் தாராளமா ஓடும்," என்று தீர்ப்புச் சொன்னேன்.

சொன்ன பிறகுதான் ஞாபகம் வந்தது – நான் தேடிக்கொண்டிருந்தது 'போகாதே' என்று சொல்வதற்கு ஒரு காரணம். தொழில் தெரிந்தவனுக்கு வரும் கஷ்டம் இது. ரப்பரைக் கையில் எடுத்தால் மற்றதெல்லாம் மறந்துவிடுகிறது.

"நூலு தெரியுதேத்தா," என்றாள் நஸீமா.

"அதான் அது ஸ்ட்ராங்கு."

அவள் சைக்கிளை நிமிர்த்தி நிறுத்தினாள். வியாழக்கிழமை வேலை முடிந்து வரும்போது இரண்டு புது டயரோடு வந்தாள்.

கையில் வாங்கிப் பார்த்தேன். ஒரு முனையிலிருந்து – டயருக்கு முனை ஏது, ஒரு இடத்திலிருந்து – சுற்றி விரலை ஓட்டினேன். வரியே இல்லை. ஒரு கோடு இல்லை, ஒரு கட்டம் இல்லை. உரித்த வெங்காயம் மாதிரி வழவழவென்று இருந்தது. போதாததற்கு நடுவில் குட்டியாக இரண்டு பொத்தல் வேறு.

"நஸீமா, ஒன் தலையில மொட்டை டயரைக் கட்டிட்டான்."

"இது இப்படித்தான் இருக்குந்தா. ரோட் டயர்."

"ரோட்டுல போறதுக்குத்தானே வரி வேணும்? வீட்டுக்குள்ள ஓட்டவா வாங்குன?"

"பழசுல போனா நான் விழுவேன்."

"இதுல போனா வழுக்கி விழுவே."

மனைவி சமையல்கட்டிலிருந்து குரல் கொடுத்தாள். "ரெண்டுலயும் விழத்தான் போறாள்னா, போவாமலே இருந்துடலாமே."

எனக்கு உள்ளுக்குள் சந்தோஷம் என்றால் அப்படியொரு சந்தோஷம். நான் வாயே திறக்க வேண்டியிருக்கவில்லை. காரியம் தானாக முடிந்துவிட்டது. ஆனால் பிள்ளையின் முகத்தைப் பார்த்தேன். அழவில்லை. டயரைச் சுவரில் சாய்த்து வைத்துவிட்டு நிமிர்ந்து நின்றாள்.

"வாங்குன கடையிலயே கேப்போம். கோ மியோ என்ன சொல்றாங்களோ அதான். புதுசு நல்லதுன்னு சொன்னா நான் போவேன், நீங்க ஒண்ணும் சொல்லக் கூடாது. நீங்க சொன்னதுதான் சரின்னு சொன்னா நான் போவல. மா சூவுக்கு அங்கேயிருந்தே போன் பண்ணிச் சொல்லிடறேன்."

ஒப்புக்கொண்டேன். ஏன் ஒப்புக்கொள்ள மாட்டேன்? ரப்பர் விஷயத்தில் நான் தோற்பதா?

கோ மியோவின் கடை போட்டாதாங்கில் இருக்கிறது. இவள் வேலைக்குப் பக்கத்தில். அதுவரைக்கும் டயரைத் தோளில் மாட்டிக்கொண்டு நடந்தேன். வழியெல்லாம் கரண்ட் போய் ஜெனரேட்டர்கள் கத்திக்கொண்டிருந்தன. அந்தச் சத்தத்திலும் டீக்கடையிலிருந்து ஒருவர், "என்ன பாய், தோள்ல?" என்று கேட்டார்.

"ஏமாத்திட்டான். நீங்களே தொட்டுப் பாருங்க."

தொட்டுப் பார்த்தார். "ஆமா பாய், மொட்டைதான்."

வெற்றிலைக்கடைக்காரர் தொட்டார். மொட்டை. குடை ரிப்பேர் செய்பவர் தொட்டார். மொட்டை. ஸ்ட்ராண்ட் ரோடு வந்து சேர்வதற்குள் பாதி ஊர் என் பக்கம். நஸீமா மட்டும் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு, என்னைத் தெரியாதவள் மாதிரி கொஞ்சம் தள்ளியே நடந்து வந்தாள்.

கோ மியோவைப் பற்றிச் சொல்ல வேண்டும். சாதுவான மனிதர். உடம்பு முழுக்கச் சிரிப்பு. என்னைவிட இளையவர் என்பதால் 'அகோ' என்று கூப்பிடுவார் – அண்ணன் என்று. ஒவ்வொரு மழைக்கும் வீட்டுக்கு மொத்தமாக என் கடையில்தான் செருப்பு வாங்குவார். "எப்படி இருக்கு செருப்பு?" என்று கேட்டால், "கௌன்டே, அகோ, ரொம்ப நல்லா இருக்கு," என்பார். அதற்கு மேல் ஒரு வார்த்தை வராது.

எங்களைக் கண்டதும் ஸ்டூலைப் போட்டார். ஃபிளாஸ்க்கிலிருந்து வெறும் தேநீரை ஊற்றிக் கொடுத்தார். பேச்செல்லாம் பர்மியில். உங்களுக்காகத் தமிழில் எழுதுகிறேன்.

"கோ மியோ, இந்தப் புது டயரைப் பாருங்க. மொட்டையா இல்லையா?"

டயரைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். நஸீமாவைப் பார்த்தார். "ஆமா அகோ... வரி இல்லதான்."

"மழையில வழுக்குமா வழுக்காதா?"

"வழுக்கலாம்." ஒரு வாய் தேநீர் குடித்தார். "வழுக்காமலும் இருக்கலாம்."

"பழசு எப்படி?"

சைக்கிள் பக்கம் திரும்பி, நோயாளியைப் பார்ப்பது போலப் பார்த்தார். "பழசு... நல்ல டயர். நல்லா உழைச்ச டயர்."

"கேட்டியா?" என்றேன் நஸீமாவிடம்.

"ஊலே," என்று அவரைக் கூப்பிட்டாள். மாமா என்கிற மாதிரி. "பழசை மாத்தணுமா வேணாமா?"

"மாத்தினா மாத்தலாம்."

"மாத்தாம ஓட்டலாமா?"

"ஓட்டினா... ஓட்டலாம்." பின்கழுத்தைத் தேய்த்துக்கொண்டார். நெற்றியில் வேர்வை.

நஸீமா தலையில் கை வைத்துக்கொண்டாள். போனைக் கையில் எடுத்தாள். மா சூவைக் கூப்பிடப் போகிறாள் என்று தெரிந்தது. வார்த்தை தவற மாட்டாள் என் மகள்.

பிள்ளைகளா, கோ மியோவுக்கு என்ன ஆயிற்று என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. நீங்கள் இந்த ஊரில் பிறந்தவர்கள். ஆனால் இந்தப் பக்கம் பினாங்குக்கும் காரைக்காலுக்கும் போகிறது என்று கேள்வி. அங்கே வாசிப்பவர்களுக்காகச் சொல்கிறேன். அவருக்கு வந்தது 'ஆநாடே'.

அதற்குத் தமிழில் ஒரே சொல் கிடையாது. கூச்சம் என்றால் பாதிதான் வரும். எதிரில் இருப்பவர் மனம் நோகுமே, அவர் முகம் வாடுமே என்று உங்கள் நெஞ்சே உங்கள் வாயைப் பிடித்துக்கொள்வது – அதுதான் ஆநாடே. வயதில் மூத்தவன், தெரிந்தவன், பெற்ற மகள் பக்கத்தில் நிற்கிறாள். அப்படிப்பட்டவனிடம் 'நீ சொல்வது தப்பு' என்று எப்படிச் சொல்வது? இந்த ஊர் நல்ல மனிதர்கள் சொல்ல மாட்டார்கள். டயர் வெடித்தாலும் வெடிக்கட்டும், அகோவின் முகம் வாடக் கூடாது.

இது எனக்குத் தெரியாதா? இத்தனை வருஷமாக இங்கே கடை வைத்திருக்கிறேன். நன்றாகத் தெரியும். ஆனால் அன்றைக்கு அந்த மரியாதையை என் திறமைக்குக் கிடைத்த சர்டிபிகேட் என்று எடுத்துக்கொண்டேன்.

அதோடு நிறுத்தியிருக்கலாம். ஜெயித்தவன் தேநீரைக் குடித்துவிட்டு எழுந்திருக்க வேண்டியதுதானே? எனக்கு அது போதவில்லை. வழவழப்பான 'ஆமா'வுக்குப் பதிலாக அழுத்தமான ஒரு 'ஆமா' வேண்டியிருந்தது. மகள் காதில் விழ வேண்டும். ஆகவே எழுந்து நின்று ஒரு கேள்வி கேட்டேன். பதில் எனக்குத் தெரியும் என்கிற நினைப்பில்.

"கோ மியோ, உங்களுக்கும் பொம்பளைப் பிள்ளை இருக்கு. இந்த மொட்டை டயரைப் போட்டு அதை மிங்கலாடோனுக்கு அனுப்புவீங்களா? சொல்லுங்க."

அவர் தேநீர்க் கோப்பையைக் கீழே வைத்தார். சிரிப்பைக் காணோம். அவர் சிரிக்காத முகத்தை நான் அன்றைக்குத்தான் பார்த்தேன்.

"அனுப்புவேன், அகோ," என்றார்.

"...பழசுல?"

"பழசுல நம்ம தெரு முனைக்குக்கூட அனுப்ப மாட்டேன்."

நஸீமா போனைத் திரும்பப் பைக்குள் போட்டாள். சத்தமே இல்லாமல்.

அவ்வளவுதான். மூடி திறந்துவிட்டது. இத்தனை நேரம் ஒரு வார்த்தைக்கு வேர்த்த மனிதர், சைக்கிளைக் கவிழ்த்துப் போட்டுக்கொண்டு பேச ஆரம்பித்தார் பாருங்கள். ஒவ்வொரு வாக்கியத்துக்கும் முன்னால் ஒரு 'மன்னிச்சுக்குங்க அகோ'. ஆனால் வாக்கியம் நிற்கவில்லை.

மன்னிச்சுக்குங்க அகோ, ஓரத்து வரி அழகாக இருப்பது அது தரையில் படவே படாததால். தரையில் படுவது நடுப்பகுதி. புது டயரின் நடு, முட்டையின் முதுகு மாதிரி வளைந்திருக்கும். இது பாருங்கள், மேஜை மாதிரி ஆகிவிட்டது. மன்னிச்சுக்குங்க, அந்த வெள்ளை நூல் பலத்துக்கு வைத்துக் காட்டியது இல்லை. மேலே இருக்க வேண்டிய ரப்பர் எல்லாம் ரோட்டோடு போய், டயரின் எலும்பு தெரிகிறது.

புது டயரின் பொத்தல்? பொத்தல் இல்லையாம், குழியாம். டயர் செய்தவனே வேண்டுமென்று வைத்தது. ஓட ஓட ரப்பர் தேயும், குழி ஆழம் குறையும். குழி காணாமல் போன அன்றைக்கு டயரை மாற்று என்று அர்த்தம். எல்லா டயரிலும் இருக்காது. இருந்தால் நமக்கு நல்லது. பழைய டயரில் அந்தக் குழி இருந்த இடத்தையே அவரால் கண்டுபிடிக்க முடியவில்லை.

நல்லவேளை. நான் அந்தப் பொத்தலை செருப்பு ஒட்டும் பசையால் அடைத்துக் கொடுக்கலாம் என்று வீட்டிலேயே ஒரு நிமிஷம் யோசித்தேன்.

"அப்ப வரியே இல்லாம தண்ணியில எப்படி நிக்கும்?" எனக்கு இன்னும் ஆறவில்லை.

இதற்கு நஸீமா பதில் சொன்னாள். என் பாஷையிலேயே சொன்னாள். "அத்தா, செருப்பு அகலம். மிதிச்சா தண்ணி அடியில மாட்டிக்கும். அது வெளியில போவ வழி வேணும், அதுக்குத்தான் வரி. இந்த டயர் ரெண்டு விரல் அகலம்கூட இல்ல. உள்ள காத்து கல்லு மாதிரி. தண்ணியை ரெண்டு பக்கமும் ஒதுக்கிட்டு தரையைத் தொட்டுடும். தொடுற ரப்பர்தான் பிடிக்கும். வரி வெட்டினா தொடுற ரப்பர்தான் கொறையும்."

இவ்வளவும் தெரிந்தவள் வீட்டில் ஏன் சொல்லவில்லை? சொல்ல நான் எங்கே விட்டேன்?

கடைசியாகக் கோ மியோ முன் சக்கரத்தைக் கழற்றினார். அந்தக் கோலிக்குண்டுப் புடைப்பு. அதன்மேல் விரலை வைத்தார். அழுத்தவில்லை. சும்மா வைத்தார்.

"இங்க உள்ள இருக்கற நூலெல்லாம் அறுந்துபோச்சு, அகோ. ட்யூப் வெளிய வரப் பாக்குது. இத்துனூண்டு ரப்பர்தான் இழுத்துப் பிடிச்சுக்கிட்டிருக்கு. பின் டயர் போனா வண்டி ஆடும், நிறுத்திடலாம். முன் டயர் போனா ஹேண்டில் நம்ம பேச்சைக் கேக்காது."

பிள்ளைகளா, இந்த இடத்தில் எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஸ்ட்ராண்ட் ரோட்டில் துறைமுகத்துக்குப் போகிற கண்டெய்னர் லாரிகளுக்குப் பக்கத்தில்தான் என் மகள் தினமும் போய் வருகிறாள். அந்தப் புடைப்பைத்தான் நான் அழுத்திப் பார்த்து, காற்று நன்றாக நிற்கிறது என்றேன். இன்னும் ஒரு வருஷம் ஓடும் என்றேன்.

தேநீர் ஆறிப்போயிருந்தது. குடித்தேன்.

கோ மியோ இரண்டு புது டயரையும் மாட்டினார். பின் டயருக்கு மட்டும் புதுசு போடலாமே, முன்னால் வேறு ஏதாவது பழசு... என்று ஆரம்பித்தேன். இரண்டு பேரும் திரும்பி ஒரே மாதிரி பார்த்தார்கள். நிறுத்திக்கொண்டேன்.

கிளம்பும்போது அவர் வாசல் வரை வந்தார். மறுபடியும் பின்கழுத்தைத் தேய்த்தார். "அகோ, மனசுல ஒண்ணும் வெச்சுக்கலையே?"

"இல்ல இல்ல. நல்லதுதானே சொன்னீங்க."

"அப்படின்னா... இன்னொண்ணு." தன் காலைப் பார்த்தார். "போன மழைக்கு நீங்க குடுத்த செருப்பு. கட்டை விரலுக்குப் பக்கத்துல கடிக்குது. வீட்டுல எல்லாருக்குமே கடிக்குது."

எத்தனை தடவை கேட்டிருப்பேன். எத்தனை 'கௌன்டே'. ஒரு குடும்பமே போன மழைக்காலம் முழுக்கக் கால் விரலைக் கடிக்க விட்டுக்கொண்டு என் முகம் வாடாமல் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறது.

இதோ, இந்த இடத்தில் சிரித்துக்கொள்ளுங்கள். நஸீமா சைக்கிள் சீட்டைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

அன்றைக்கு நான் ஒன்று கற்றுக்கொண்டேன். 'நான் சொல்றது சரிதானே?' என்று யாரிடமும் கேட்பதில்லை. அப்படிக் கேட்டால் நம் ஊரில் 'ஆமா'தான் வரும். உண்மை வேண்டுமென்றால் கேட்கிற விதத்தை மாற்ற வேண்டும். 'உங்க பிள்ளையா இருந்தா என்ன செய்வீங்க?' என்று கேட்டுப் பாருங்கள். டாக்டரிடம் கேளுங்கள், மீன்காரியிடம் கேளுங்கள். செருப்புக்கடைக்காரனிடமும் தாராளமாகக் கேட்கலாம்.

சைக்கிள் வைத்திருக்கிற பிள்ளைகள் இன்றைக்கே போய் டயரைப் பாருங்கள். ஓரத்தைப் பார்த்து ஏமாறாதீர்கள், நடுவைப் பாருங்கள். உருண்டையாக இருக்கிறதா, தட்டையா? சக்கரத்தை மெதுவாகச் சுற்றிவிட்டு நூல், வெட்டு, புடைப்பு எங்கேயாவது இருக்கிறதா என்று பாருங்கள். நூலோ புடைப்போ இருந்தால் அன்றைக்கு சைக்கிள் வீட்டிலேயே இருக்கட்டும். பக்கவாட்டில் வெயில்பட்ட சேறு மாதிரி வெடிப்பு ஓடியிருந்தால், ஓட்டாமல் நிறுத்தியே வைத்திருந்த டயராக இருந்தாலும் வயசாகிவிட்டது என்று அர்த்தம். கொஞ்ச நாளாக அடிக்கடி பஞ்சர் ஆகிறதா? ஆணி போட்டவனைத் திட்டுவதற்கு முன்னால் ரப்பர் எவ்வளவு மிச்சம் இருக்கிறது என்று பாருங்கள். தெரியவில்லையென்றால் கேளுங்கள். எப்படிக் கேட்பதென்றுதான் சொல்லிவிட்டேனே.

கதை இன்னும் முடியவில்லை.

வீட்டுக்குத் திரும்பும்போது நஸீமா சைக்கிளில் ஏறவில்லை. என்னோடு தள்ளிக்கொண்டே நடந்தாள். என் தோளில் இப்போது பழைய டயர்கள். டீக்கடை வந்தது. "என்ன பாய், மாத்திக் குடுத்துட்டானா?" என்று கேட்டார் அந்த மனிதர். "மாத்தியாச்சு," என்றேன். பொய்யில்லையே.

"அப்ப ஞாயித்துக்கிழமை?" என்றாள் நஸீமா.

"டயரு சரியாயிடுச்சு," என்றேன். "பிரேக்குதான் ஒரு தடவை..."

"பிரேக்கும் பாத்துட்டாங்க. நீங்க பாத்துக்கிட்டுத்தானே இருந்தீங்க."

"மழை வந்தா?"

அவள் நின்றுவிட்டாள். என் பக்கம் திரும்பினாள். கோபம் எல்லாம் போயிருந்தது.

"அத்தா, ஒங்களுக்கு டயர் பயமா, நான் போறது பயமா?"

நேராக வந்தது கேள்வி. கோ மியோ மாதிரி பின்கழுத்தைத் தேய்த்துக்கொள்ளலாம் போல இருந்தது. ஆனால் அவ்வளவு சாதுவான மனிதரே அன்றைக்கு உண்மையைச் சொல்லிவிட்டாரே.

"நீ போறதுதான்," என்றேன்.

"அதை அன்னைக்கே சொல்லியிருந்தா, டயரை இவ்வளவு தூரம் தூக்கிட்டு வந்திருக்க வேணாமே."

"சொன்னா போவாம இருந்திருப்பியா?"

"இல்ல. ஆனா எங்க எங்க நிக்கறேன்னு போன் பண்ணியிருப்பேன்."

நல்ல ஏற்பாடாகத்தான் தெரிந்தது. ஒப்புக்கொண்டேன்.

ஞாயிற்றுக்கிழமை விடிந்தும் விடியாமலும் போனாள். நான் மாடியில் நின்று பார்த்தேன். புது டயர் ஈரத் தெருவில் சத்தமே இல்லாமல் போயிற்று. வழுக்கவில்லை. இன்யா ஏரிப் பக்கத்திலிருந்து ஒரு போன். அப்புறம் வழியில் தண்ணீர் குடிக்க நின்றபோது ஒரு போன். அப்புறம் வரவில்லை. கடையைத் திறந்து, ஒரு அம்மாவுக்கு இடது காலுக்கே இரண்டு செருப்பையும் கொடுத்து அனுப்பிவிட்டேன். அவர் திரும்பி வந்து மாற்றிக்கொண்டு போகும்போதுதான் போன் அடித்தது. பின்னால் பெண் பிள்ளைகளின் கூச்சல், பாத்திரச் சத்தம்.

"வந்துட்டோந்தா. மொஹிங்கா சாப்பிடறேன்."

"எப்படி இருக்கு?"

"நம்ம தெரு முனை மொஹிங்காதான் நல்லா இருக்கு," என்றாள் தமிழில், குரலைத் தாழ்த்தி. மா சூவின் அம்மா பக்கத்தில் இருந்திருக்க வேண்டும். உடனே அவரிடம் பர்மியில் சத்தமாகச் சொல்வது கேட்டது: "கௌன்டே!"

மத்தியானம் திரும்பி வந்தாள். முகம் வெயிலில் கறுத்திருந்தது. சோறு சாப்பிட்டுவிட்டு அப்படியே தூங்கிப்போனாள். நான் இறங்கிப் போய், மாடிப்படிக்குக் கீழே நிறுத்தியிருந்த சைக்கிளைத் தலைகீழாகக் கவிழ்த்து, முன் சக்கரத்தை மெதுவாகச் சுற்றிச் சுற்றி வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். புது டயர். பார்ப்பதற்கு அதில் ஒன்றுமே இல்லை.

உங்கள் வீட்டிலும் அத்தாவோ அப்பாவோ உங்கள் சைக்கிளையோ செருப்பையோ குடையையோ தேவைக்கு மேல் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தால், கோபப்படாதீர்கள் பிள்ளைகளா... எங்கே போகிறீர்கள், எப்போது திரும்புவீர்கள் என்று சொல்லிவிடுங்கள். கீழே வைத்துவிடுவார்.